பாலை நிறுத்தச் சொன்னவன் நான்

எங்கள் அன்பு அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர், சபையார், நண்பர்கள் அனைவருக்கும் ஒரு தம்பியின் வணக்கம்.

அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, அக்காவோடு வேலை பார்த்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கிட்னிக் கல்லுதானப்பா கொண்டும்போச்சி?" என்று கேட்டார். பிறகு விசாரித்தால், பாதி ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லை. கல்லை அக்கா வென்றுவிட்டார். எப்படி வென்றார் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தக் கதையில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்கா தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா காலமானார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்டதும், பாடம் சொல்லிக்கொடுத்ததும், அடித்ததும் அக்காதான். சுரங்கம் மூடப்பட்டபோது அப்பாவின் நுரையீரல் கெட்டிருந்தது. அக்காவின் கணவரான மாமாவுக்கும் அதே சுரங்கத்தில்தான் வேலை, அதுவும் போயிற்று. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சபையின் தையல் வகுப்பில் கற்ற தொழிலை நம்பி, அக்கா பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பின் திரும்பும் வாழ்க்கை. அந்த நெரிசலில் ஒரு பெண் கழிப்பறைப் பக்கம் போய்வர முடியாது. தொழிற்சாலையிலோ, மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆகவே அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் டீ, மதியம் இரண்டு மடக்குத் தண்ணீர். டிபன் பாக்ஸில் சோறும் ஊறுகாயும், இல்லையென்றால் கருவாடு. ரயிலில் எல்லாப் பெண்களும் சேர்ந்து கொறிக்க வறுத்த வேர்க்கடலை. ஞாயிற்றுக்கிழமை, அவர் கையால் செய்த உப்புக்கண்டம். அதற்கு இணையான ருசியை நான் எங்கும் கண்டதில்லை.

முப்பத்தொன்பதாவது வயதில், பங்காரப்பேட்டை நெருங்கும்போது ரயிலிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். கூட இருந்த பெண்கள் அவரைத் தாங்கி இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, "பொண்ணப் பெத்தப்போகூட இவ்ளோ நோவு இல்லடா" என்றார். இரண்டு நாளில் கல் தானாக வெளியேறிவிட்டது.

இங்கேதான் நான் வருகிறேன். அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவன், நாலும் படித்தவன் என்ற நினைப்பு எனக்கு. கல் என்றால் கால்சியம், கால்சியம் என்றால் பால். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. பால், தயிர், மோர், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒரு சொட்டு மோர்கூடத் தொடாமல் எட்டு மாதம் இருந்தார். ஊறுகாயைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

எட்டாம் மாதம் மறுபடியும் வலி வந்தது. இம்முறை காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டன. கல் சிறுநீர்க் குழாயை அடைத்து, சிறுநீரகம் வீங்கி, சீழ் பிடிக்கும் நிலை. பெங்களூரில் அவசரமாகக் குழாய் வைத்து, பிறகு கல்லை எடுத்தார்கள். வைத்தியம் பார்த்தவர் கன்னடக்கார இளம் பெண் டாக்டர். தமிழ் நன்றாகவே பேசுவார். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் பேனாவைக் கீழே வைத்தார்.

"பால் யாரும்மா நிறுத்தச் சொன்னாங்க?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல டாக்டர். நானேதான் நிறுத்திட்டேன்" என்றார் அக்கா.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேர்க்கடலை, பசலைக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் என்று ஒரு பொருள் உண்டு. சாப்பாட்டோடு பாலோ தயிரோ சேர்ந்தால், அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். பாலை நிறுத்திவிட்டால் பிடிக்க ஆளில்லாமல் அது சிறுநீரில் போய்ச் சேரும். உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாகும். தண்ணீரும் குறைந்தால் இரண்டும் சேர்ந்து கல்லாக உறையும். அக்காவின் கல்லைச் சோதித்ததில் அதே வகைதான். "தண்ணி நெறைய குடிங்க, யூரின் தெளிவா போகணும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சிக்கோங்க. உப்பு, கறி ரெண்டையும் கொறைங்க. தயிர் வேணும். இன்னொரு வாட்டி இப்படி அடைச்சா இந்தக் கிட்னி நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

வெளியே வந்ததும், "அக்கா, என்னால..." என்று தொடங்கினேன்.

"நீ இன்னா வேணும்னா சொன்ன? நல்லதுக்குத்தானே. போயி அரை லிட்டர் பால் வாங்கினு வா" என்றார். இந்த நாள்வரை இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

தண்ணீர் குடிப்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டுமே. டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனார். "இன்னிக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு எல்லாரும் லெட்டர் கொண்டாருவாங்களே" என்றாராம் அவர். "கொண்டாரட்டும் சார். எங்க லைன்லயே நாலு பேரு இதே நோவுல கிறாங்க. நாங்க ஆஸ்பத்திரில படுத்துக்கினா உங்களுக்கு யாரு துணி தெப்பாங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார். மறுவாரம் அந்த நாலு பேரையும் அழைத்துக்கொண்டு மேனேஜரிடமே போனார். இரண்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில், யாரையும் கேட்காமல் எழுந்து போய்வரலாம் என்று ஆயிற்று. ரயிலிலும் ஒரு மாற்றம். பெட்டியில் கழிப்பறை ஓரத்து இருக்கைகளைப் பெண்கள் தங்களுக்கென்று பிடித்துவைத்து, வழியில் யாரும் மூட்டை போடாமல் பார்த்துக்கொண்டார்கள். வேர்க்கடலைப் பொட்டலம் வருவது குறைந்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வந்தது.

வீட்டில்தான் பெரிய எதிர்ப்பு. முதல் வாரம் மாமா குழம்பை வாயில் வைத்துவிட்டு, "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி சாப்பாடு கணக்கா கீது" என்றார். அக்கா எலுமிச்சையும் மிளகும் கூட்டி, உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். மூன்று மாதத்தில் எங்கள் நாக்கு பழகிவிட்டது. உப்புக்கண்டம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று ஆனது. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். அக்காவும் தவறாதவர் அல்லர். கல்யாண வீட்டில் ஊறுகாய் வைத்தால் இலையில் மிச்சம் இருக்காது. நடுவில் ஒருமுறை ஸ்கேனில் சிறு கல் தெரிந்து மனம் உடைந்துபோனார். "மறுபடி மொதல்லேர்ந்தா?" என்று கேட்டவர், வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை நிரப்பினார். அதுவும் போய்விட்டது. அதன் பிறகு கல் வரவே இல்லை. இரண்டாம் முறையிலிருந்து கணக்கிட்டால், பதினான்கு ஆண்டுகள் அவர் தன் சிறுநீரகங்களைக் காத்தார். அதற்குள் மகளைப் படிக்கவைத்து, நர்ஸ் வேலைக்கு அனுப்பி, திருமணமும் செய்துவைத்தார்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மூளையில் இரத்தக் கசிவு. மூன்றாம் நாள், மூளை செயலிழந்துவிட்டது என்றார்கள். பிறகு உறுப்பு தானம் பற்றிக் கேட்டார்கள். மகள்தான் முதலில் பேசினாள். "அம்மாவைக் கேட்டிருந்தா குடுன்னுதான் சொல்லியிருப்பாங்க மாமா" என்றாள். நான் தயங்கினேன். "ரெண்டு வாட்டி கல்லு வந்த கிட்னி, எடுத்துப்பாங்களா?" என்று கேட்டேன். சோதித்துவிட்டு வந்த மருத்துவர், "ரெண்டுமே நல்லா இருக்கு" என்றார். மாமா அங்கேயே கையெழுத்துப் போட்டார். அன்று இருவருக்கு அக்காவின் சிறுநீரகங்கள் பொருத்தப்பட்டன.

பங்காரப்பேட்டையில் அக்காவைத் தாங்கி இறக்கிய ரயில் தோழிகளுக்கும், அவர் சொன்ன பொய்யை நம்பி அவருக்கு வைத்தியம் செய்த டாக்டருக்கும், கடைசி மூன்று நாளும் ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு காத்திருந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், ருசி குறைந்த குழம்பை, அந்த முதல் வாரம் தவிர, பதினான்கு ஆண்டு முகம் கோணாமல் சாப்பிட்ட மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஊரும் பேரும் எங்களுக்குச் சொல்லப்படாத அந்த இருவருக்கும் ஒரு வார்த்தை. இம்மலர் உங்கள் கைக்கு வராது என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் சொல்கிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். எங்கள் அக்கா அப்படித்தான் செய்தார்.

பிரிவிலும் நன்றியோடு,
தம்பி