அத்தையின் கை அளைந்த தண்ணீர்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். இடது ஓரத்தில் மை தீட்டினாற்போல ஒரே ஒரு கருப்புப் பட்டை. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை, மழைக்கு முந்தைய வானத்தைப் போல வெளிறிய நீலம். ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சரியாக வராத பிலிமை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அந்த நேரம் எனக்கு எங்கிருந்தோ சளப், சளப் என்று தண்ணீர் அளையும் சத்தம் கேட்கும். பதில் சொல்ல மறந்துபோவேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். ஆற்றுக்கால் தண்ணீர் நிறைக்கும் பெரிய குளம் ஒன்று ஊரை ஒட்டிக் கிடக்கும். குளத்தில் ஆண்கள் வலை போடுவார்கள். பிடித்த மீனை அலுமினியப் பானையில் உயிரோடு கொண்டுபோய் விற்பது அத்தையின் தொழில். செத்த மீன் விற்பதை அவள் கேவலமாக நினைத்தாள். பஸ்ஸில் பானையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்காருவாள். வலது கை தண்ணீருக்குள் போய்விடும். விரல்களை விரித்து அளைந்துகொண்டே இருப்பாள். தண்ணீர் சும்மா நின்றால் மீன் மூச்சடைத்துச் செத்துவிடும். பக்கத்து சீட்டில் யாரோடும் பேசுவாள், வெற்றிலை போடுவாள், அசந்து தூங்கவும் செய்வாள். அந்தக் கை மட்டும் நிற்காது. அவள் மடியில் படுத்து வளர்ந்த எனக்கு அந்த அசைவு, வீட்டில் மாட்டிய கடிகாரத்தின் சத்தம்போலப் பழகிப்போனது. பழகியதால்தான் அது என் கவனத்தில் படாமலே போனது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை முதலில் மிதித்தவள் நான். கல்லூரியும் முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது ஊரில் ஒரு கிண்டல் ஓடியது. மீன் விக்கிற வீட்டுப் பிள்ளை மீனைப் படிக்கத்தான் அம்புட்டு தூரம் போயிருக்கா என்றார்கள். அத்தை விடமாட்டாள். “நீங்க தின்னுட்டு முள்ளத் துப்புதிய. எங்க பிள்ள அந்த முள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குதா. ரெண்டும் ஒண்ணாவே?” என்பாள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இப்போதும் இருக்கிறது.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியையை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கோடைக் குளங்கள்மேல் ஒரு பித்து இருந்தது. வெயிலில் வற்றி, பாசி மண்டிய குளத்தில் விடியும் நேரம் தண்ணீரில் காற்றே இருக்காது. மீன்கள் மேலே வந்து வாயைத் தூக்கித் தூக்கித் தவிக்கும். ஆனாலும் கெண்டைகளில் பல பிழைத்துவிடும். எப்படி? உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புரதம் உண்டு. காற்று தாராளமாக இருக்கும்வரை செல் அதைச் செய்துகொண்டே இருக்கும், செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். மூச்சு முட்டும்போது மட்டும் அழிவு நின்றுவிடும். புரதம் நிலைத்து நின்று, இருக்கிற காற்றை வைத்துச் சமாளிக்கும்படி செல்லுக்குக் கட்டளைகள் அனுப்பும். மனித செல்லில் அதைக் கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் குளத்துக் கெண்டையிலும் அது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ள ஓர் எதிர்ப்பொருள் வேண்டும். அம்மாவின் தோழி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிப் பொதிக்குள் வைத்து அனுப்பினாள். சுண்டுவிரல் நுனி அளவு குப்பி, அடியில் கண்ணீர்த் துளி போலக் கொஞ்சம் திரவம். கூடவே, ஒப்பிட்டுப் பார்க்க மனித செல் சாறும் இருந்தது. இரண்டு தடவைக்கு மேல் தாங்காது, பார்த்துக்கோம்மா என்றார் அம்மா.

குளத்திலிருந்து மீன் வேண்டும் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். விடியக்காலம் வாய் தூக்குகிற மீன், உயிரோடு வேண்டும் என்று சொன்னேன். ஒரு நாள் காலை, கல்லூரி மாடிப்படியில் அந்தச் சத்தம் ஏறி வந்தது. சளப், சளப். இடுப்பில் பானை, பானைக்குள் கை, முந்தானை முழுக்க ஈரம். அத்தை ஆய்வகத்து வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே கெண்டைகள் அப்போதுதான் பிறந்தவைபோலத் துள்ளின. “ஒண்ணுகூடச் சாகல பாத்துக்க” என்றாள். பேராசிரியை அம்மா அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். இடது கையால் டம்ளரை வாங்கிக் குடித்தாள். வலது கை அப்போதும் தண்ணீருக்குள் இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மீனின் ஈரலை அரைத்துச் சாறெடுத்து, அதிலிருந்த புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, ஒரு மெல்லிய தாளில் பதித்து, பால் பொடிக் கரைசலில் ஊறவைத்து, எதிர்ப்பொருளை ஊற்றினேன். எதிர்ப்பொருள் ஒட்டிய இடம் எக்ஸ்ரே பிலிமில் கருப்பாகப் பதியும். இருட்டறையில் பிலிமைக் கழுவியபோது மனித செல்லின் கருப்புப் பட்டை சிரித்துக்கொண்டு எழுந்தது. கெண்டைகளின் பக்கம் ஒன்றுமே எழவில்லை. சிவப்பு விளக்கில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மனித செல்லுல வரவேண்டியது வந்திருக்கு. நம்ம மீன்ல இல்ல, இல்லேன்னா இந்த எதிர்ப்பொருளுக்கு நம்ம மீனை அடையாளம் தெரியல. இன்னொரு தடவைக்குத்தான் மருந்து இருக்கு. அதுவும் இப்படியே போச்சுன்னா இந்த வேலைய இதோட முடிச்சுக்குவோம்மா” என்றார். அவர் மென்மையாகத்தான் சொன்னார். ஆனால் வேலை முடிந்தால் நான் ஊருக்குத் திரும்பவேண்டும். வீட்டில் ஜாதகக் கட்டு தயாராக இருந்தது. படிச்சது போதும் என்று அப்பா சொல்ல, அவ முடிக்கட்டும்லா என்று அத்தை ஒருத்திதான் தடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அத்தை பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தன் பயணத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“கண்டக்டர் கேக்கான், யக்கா, பானைக்குள்ள என்ன, பாம்பான்னு. ஒன் மாமியா இருக்கா, டிக்கெட்டக் கிழிலேன்னேன். பத்தமடையில ஒரு தண்ணி மாத்துனேன். கொக்கிரகுளத்துல எறங்கி ஆத்துத் தண்ணிய மோந்து நெறச்சேன். இங்கன புடிச்சு அங்கன போற வரைக்கும் இந்தக் கை நிக்கலட்டி. அள்ளும்போது செத்தது பாதின்னு கெடந்த மீனு, போய்ச் சேரும்போது என்னமா ஆடுச்சுங்க!”

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. பானைக்குள் நெரிசலில் வருகிற மீனுக்குக் காற்று மேலும் குறையத்தானே செய்யும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். காற்று கிடைத்தால் சில நிமிடங்களில் மறைந்துபோகும் புரதம் அது. அத்தை வழியெல்லாம் காற்றை ஊட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் தேடியதை ஒவ்வொரு கையசைவிலும் அழித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். எவ்வளவு பையச் சொல்லியும் அவள் முகம் சுருங்கிவிட்டது. “நாஞ் செஞ்சதுதான் கெடுத்துச்சா?” என்று கேட்டாள். இல்லை அத்தை, உயிரோடு வேண்டும் என்று சொன்னது நான்தானே என்றேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “அப்ப என்ன செய்யணும்?” அடுத்த தடவை குளத்தங்கரையிலேயே, மீன் தவித்துக்கொண்டிருக்கும்போதே அறுக்கவேண்டும், தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்றேன். அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஈரலை அந்த நொடியிலேயே உறையவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டியிருந்தது. மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிகளை வைத்திருக்கும் குடுவை ஒன்றை அம்மா கேட்டு வாங்கித் தந்தார். விடிகிற நேரம் அதைத் தூக்கிக்கொண்டு அத்தையும் நானும் கரையில் இறங்கினோம். குளத்தின்மேல் புகை போலப் பனி தவழ்ந்தது. அதனடியில் தண்ணீர் முழுக்க வாய்கள். சின்னச் சின்ன வட்டமான வாய்கள், ஓசையில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. யாருக்கும் கேட்காத ஏதோ ஒன்றை அந்தக் குளம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது. அத்தை கைவலையால் பைய அள்ளி, குளத்துத் தண்ணீரோடு பானையில் விட்டாள். நான் கத்தியைத் துடைத்தேன், குடுவையின் மூடியைத் திறந்தேன். வெண்புகை வழிந்து அவள் காலைச் சுற்றியது. திரும்பிப் பார்த்தபோது அவள் கை பானைக்கு மேலே இருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. தண்ணீரைத் தொடப்போனவள் சட்டென்று இழுத்து, முந்தானையால் அந்தக் கையை இறுக்கிச் சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உள்ளே மீன்கள் வாய் தூக்கின. அத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. “வெரசா அறுட்டி” என்றாள். அழுதாளா என்று தெரியாது. பனி அவ்வளவு அடர்த்தி.

அந்தத் தடவை, அத்தை முதலில் கொண்டுவந்த மீன்களின் மிச்சச் சாற்றையும் குளத்தங்கரை மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குப்பியில் இருந்த கடைசித் துளியும் தீர்ந்தது. கரைமீன்களின் பக்கம் மெலிசாக ஒரு பட்டை எழுந்தது, மூச்சு பட்ட கண்ணாடிபோல. மனிதப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே நின்றதால், அளவு அப்படியே ஒத்துப்போகவில்லை. அத்தையின் மீன்களில் அது இல்லை. அதே புரதமாக இருக்கலாம் என்றுதான் எழுதமுடியும், அதற்குமேல் ஆசைப்படக்கூடாது என்றார் அம்மா. பிறகு என் தோளைத் தட்டி, இந்த ‘இருக்கலாம்’ போதும், வேலையைத் தொடரலாம் என்றார். வீட்டில் ஜாதகக் கட்டு மறுபடி பெட்டிக்குள் போனது.

இரண்டு பிலிம்களையும் ஊருக்குக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டினேன். வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “இதா? இந்த அழுக்குக்கா இம்புட்டுப் பாடு?” என்றாள். மூச்சு முட்டினால் வருவது அது என்றேன். இன்னொன்றை வாங்கிப் பார்த்தாள். அதில் மீன்களின் பக்கம் வெறுமையாக இருந்தது. நெடுநேரம் பார்த்தாள். “அப்ப இதுல இருக்கிற மீனு ஒண்ணும் மூச்சு முட்டலயே?” என்று கேட்டாள். இல்லை அத்தை என்றேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. “அதுக்குத்தாம்லா நான் கைய ஆட்டுதேன்” என்றாள்.

கறை விழுந்த பிலிம் என் ஆய்வேட்டுக்குள் போனது. இப்போது நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் குப்பிகள் உறைபெட்டி நிறைய இருக்கின்றன. காற்றை வேண்டிய அளவுக்குக் குறைக்கக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. தேடியது கிடைக்காத பிலிமை எல்லாரும் குப்பையில் போடுகிறார்கள், நானும் போடுகிறேன். இதை மட்டும் போடவில்லை. கருப்புப் பட்டையைத் தாண்டி, ஒன்றுமில்லாத அந்த வெளிறிய நீலத்தில், சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை வரை நிற்காமல் அளைந்த ஒரு கை இருக்கிறது.