வெளியில் காயாத வேட்டி

என் பள்ளிச் சட்டையில் எப்போதும் கருவாட்டுப் புகை வாசம் அடிக்கும். மலேசியாவில் கூலாய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் வாசல் கயிற்றில் துணி உலர்த்த, எங்கள் வீட்டு வெள்ளைத் துணிகள் மட்டும் அடுப்படிக்குள் காயும்; அது தாத்தாவின் உத்தரவு. காரணம் கேட்டால், "வெளிய போட்டா அழுக்காவும்" என்பார், கரிப்புகைக்கு நடுவில் நின்றுகொண்டே.

அம்மாவின் அப்பாவான அவர், போர்க்காலத்தில் வெள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் கப்பலும் அதனுடன் வந்த மூன்று கப்பல்களும் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் ஜப்பான்காரர்களிடம் மாட்டிக்கொண்டு சரணடைந்தன என்பதுவரை எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தைக்கு அதற்கு மேலும் தெரிந்திருந்தது. "ஒங்க தாத்தாதான் காட்டிக் கொடுத்தாராம் லா, எல்லாருக்கும் தெரியும்" என்று என்னிடமே சொன்னார். அன்றிலிருந்து தாத்தா மேல் எனக்கு ஒரு கண். அவர் யாருக்குக் கடிதம் போடுகிறார், வாசலுக்கு ஏன் முதுகு காட்டி உட்காருவதே இல்லை, எல்லாமே தப்பாகத் தெரிந்தது.

பதினோரு வயதில் சோதித்தே பார்த்துவிட்டேன். நல்ல வெயில் நாளில், நீலம் போட்டு அலசிய அவருடைய வேட்டியை வாசல் கயிற்றில் விரித்துவிட்டுக் கதவோரம் நின்றேன். சைக்கிளில் வந்த தாத்தா வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, வேட்டியை உருவி மார்போடு சுருட்டிக்கொண்டார். "யாரு பார்த்தா? எவ்வளவு நேரமா கெடந்துச்சு?" என்றார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து அழுதார்.

பிறகுதான் சொன்னார். இரண்டு நாளாகக் குண்டு விழுந்ததாம், குடிக்கவே தண்ணீர் இல்லையாம், ஆனாலும் கடைசி ஆள்வரை சுட்டுக்கொண்டே சாவது என்று கேப்டன் முடிவு செய்துவிட்டாராம். விடிந்ததும் தாத்தா தன் வேட்டியைத் துவைத்து மேல்தளத்துக் கயிற்றில் காயப் போட, எதிரி அதை வெள்ளைக் கொடி என்று எண்ணிச் சுடுவதை நிறுத்திப் படகு அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு மறுபடி சுட யாருக்கும் மனம் வரவில்லை. நான்கு கப்பல்களும் பணிந்தன. "மேல வெள்ளத் துணி போடக்கூடாதுன்னு சட்டம்மா. மறந்து போட்டுட்டேன்" என்றார். சிறைமுகாமில் கூட இருந்தவர்களே அவர் முகத்தில் துப்பினார்களாம்.

இன்று லயம் இருந்த இடத்தில் தொழிற்சாலை நிற்கிறது. ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மெஷின்தான் துணியைக் காயவைக்கிறது. என் மகளின் சட்டையில் சோப்பு வாசம் மட்டும்தான். என் சந்தேகம் மட்டும் போகவில்லை, வேறு பக்கம் திரும்பிவிட்டது. சாகும்வரை தோட்டத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் பிறந்தது என்று சொன்ன மனிதர் அவர். அவரா சட்டத்தை மறந்தார்? குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் யாராவது வேட்டி துவைப்பார்களா?

அந்தக் கப்பல்களில் இருந்து உயிரோடு ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். அம்மா பிறந்தது அதற்குப் பிறகுதான். மறக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் அஞ்சலை அத்தையின் பேச்சு உண்மையாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம், தாத்தா. கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.