தைலம் மணத்த காடைகள்

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் லாங்கன்தால் ஊருக்கு வெளியே வயல்களைப் பார்த்தபடி நின்ற ஒரு சாப்பாட்டுக்கடையில் எனக்கு இரண்டு உத்தியோகங்கள் இருந்தன. ஒன்று உருளைக்கிழங்கு உரிப்பது. மற்றது மொழிபெயர்ப்பு. முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது, ஊரில் நூலகத்தில் உட்கார்ந்து ஜேர்மன் இலக்கணப் புத்தகம் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை வாசித்த குற்றத்துக்காக எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. அந்தப் புத்தகத்தில் இருந்த ஜேர்மனை சுவிஸில் ஒருவரும் பேசுவதில்லை என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நான் வாய் திறந்தால் முதலாளியின் மனைவி தேவாலயத்தில் பிரசங்கம் கேட்பதுபோலக் கைகளைக் கோத்துக்கொள்வாள்.

நான் மொழிபெயர்த்தது அண்ணைக்கு. சட்டி கழுவுகிறவர், ஊரில் லொறி ஓட்டியவர். கடையின் மேல்மாடியில் ஒரே அறையில் இருந்தோம். அகதி வழக்கு இருவருக்கும் பேர்னில் கிடந்தது. அண்ணைக்கும் ஒரு இரண்டாவது உத்தியோகம் இருந்தது: முதலாளியின் நாய்க்குக் காடை வைப்பது.

அது வெள்ளையில் மண்ணிறப் புள்ளி போட்ட பெட்டை நாய். காவலுக்கு உதவாது, குரைக்கவும் தெரியாது. அதன் வேலை ஒன்றே ஒன்று. புல்லுக்குள் ஒளிந்திருக்கும் காடையை மோப்பம் பிடித்து, ஒரு முன்காலைத் தூக்கி, வாலைக் கம்பிபோல நீட்டி, அப்படியே கல்லாகிவிட வேண்டும். முதலாளி வந்து காடையைக் கிளப்பிச் சுடுவார். பறவை மூக்குக்கு முன்னால் பறந்தாலும், வெடி காதுக்குப் பக்கத்தில் கேட்டாலும் நாய் அசையக்கூடாது. இதற்கென்று இலையுதிர் காலத்தில் போட்டி நடக்கும். தொப்பியில் இறகு செருகிய நடுவர்கள் புள்ளி போடுவார்கள். போன முறை இந்த நாய் வெடிக்குத் துள்ளிவிட்டது. முதலாளி அன்று அதை வான் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கழுத்துப் பட்டியால் அடித்தார். அடித்து முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தார்.

பழக்குவதற்கான காடைகள் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பெட்டியில் இருந்தன. விடியற்காலையில் அண்ணை ஒன்றை எடுத்து, தலையைச் செட்டைக்குள் மடித்து, தொட்டில் ஆட்டுவதுபோல நாலு ஆட்டு ஆட்டுவார். காடை மயங்கிவிடும். அதைப் புல்லுக்குள் வைத்துவிட்டு வந்துவிடுவார். தான் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாமல் அது கொஞ்ச நேரம் அங்கே கிடக்கும். அந்த நிலைமை எங்கள் இருவருக்கும் புதிதல்ல. அண்ணை போன பிறகுதான் முதலாளி நாயை அவிழ்ப்பார். நாங்கள் அதைத் தொடக்கூடாது. வேலைக்காரர் தடவினால் நாய் கெட்டுவிடுமாம்.

அண்ணைக்குக் குளிர் என்றால் சத்துரு. கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த தைலப் போத்தல் எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். வயலுக்குப் போகும் முன் நெற்றிக்கு, மூக்கடிக்கு, பிறகு இரண்டு கைக்கும் முழங்கைவரை தேய்ப்பார். அறையில் கண் எரியும். முதலாளி கையுறை கொடுக்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் முதலாளி அடுப்படிக்கு வந்து, அண்ணையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவனிடம் சொல். இந்த முறையும் அது தோற்றால் நான் அதற்குச் சாப்பாடு போட மாட்டேன். சுட்டுவிடுவேன்."

"என்னவாம், தம்பி?"

"இந்த முறை தோத்தா நாயைச் சுடுவாராம், அண்ணை."

அண்ணை கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார். "பகிடியோ?"

"உவருக்குப் பகிடி வராது."

அன்றிலிருந்து அண்ணை இன்னும் முன்னால் எழும்பத் தொடங்கினார். இருட்டோடு போய் வயலின் ஒவ்வொரு மூலையிலும் காடை வைத்தார். குளிர் கூடக் கூடத் தைலமும் கூடியது. நாய் அற்புதம் செய்தது. அவிழ்த்துவிட்ட கையோடு அம்புபோலப் போய் நின்றது. முதலாளி கடையில் தன் வழக்கமான மேசையில் உட்கார்ந்து, ஐரோப்பாவிலேயே இப்படியொரு மூக்கு இல்லை என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னார். அண்ணை என்னிடம், "தம்பி, அது தப்பிச்சிடும்" என்றார். நாயின் வழக்காவது நன்றாகப் போகிறதே என்று நானும் நினைத்தேன்.

போட்டிக்குச் சூப்பும் சொசேஜும் எங்கள் கடைப் பொறுப்பு. ஆகவே நாங்களும் போனோம். மூடுபனி. கயிறு கட்டிய வயலுக்கு வெளியே அண்டாவுக்குப் பின்னால் அண்ணை அகப்பையோடு நின்றார். முதலாளியின் பழைய கோட், நெற்றியில் விபூதிக்குப் பதிலாகத் தைலம். அன்று காடைகளை வைத்தது போட்டி நடத்தும் கழகத்து ஆள்; கையில் தடித்த கையுறை.

எங்கள் நாயை அவிழ்த்தார்கள். அது ஓடியது. ஒரு காடைக்கு மேலாலேயே ஓடியது. காடை அதன் வயிற்றுக்கடியிலிருந்து படபடவென்று எழும்பிப் பறந்தது. நாய் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்த காடைக்கு வேறு மணம் இருந்தது. அடுத்த காடையையும் அப்படியே கடந்து போனது. முதலாளியின் கழுத்து சிவந்தது.

அப்போது காற்றுத் திரும்பியது. நாய் மூக்கைத் தூக்கியது. வயலின் நடுவிலிருந்து நேராக எங்கள் பக்கம் பாய்ந்து வந்து, கயிற்றடியில், அண்ணைக்கு முன்னால் நின்றது. முன்கால் மேலே. வால் கம்பி. அவ்வளவு அழகாக அன்று வேறெந்த நாயும் நிற்கவில்லை.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைமை நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்க, சிரிப்பு மறுபடி கிளம்பியது.

"என்ன சொல்லுறார்?" என்றார் அண்ணை.

"உங்களைச் சுடுற வேட்டைக்காலம் தொடங்கிட்டுதோ எண்டு கேக்கிறார்."

எல்லோரும் சிரித்ததால் அண்ணையும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பகிடி நன்றாகத்தான் இருந்தது. நடுவர் கிட்ட வந்து அண்ணையை முகர்ந்து பார்த்தார். பையிலிருந்த போத்தலை வாங்கி மூடியைத் திறந்தார். அது கை மாறி மாறிப் போய்க் கடைசியில் முதலாளியிடம் வந்தது. அவர் முகர்ந்தார். "ஆ, அப்படியா" என்றார். போத்தலை மூடி, மரியாதையாக அண்ணையிடமே திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திரும்பும்போது வான் வண்டியில் அண்ணை என் முழங்கையை இடித்தார். "நாயில பிழையில்லை எண்டு சொல்லும். பிழை என்ர கையில எண்டு சொல்லும்."

சொன்னேன். இலக்கணப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்த வேற்றுமைகளையெல்லாம் போட்டுச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. "நல்ல நாய்தான். ஆனால் எல்லோரும் சிரித்தார்களே."

கடைக்குப் பின்னாலுள்ள வயலில் வானை நிறுத்தினார். துப்பாக்கியைக் கண்டதும் நாய்க்குச் சந்தோஷம். இன்னொரு பயிற்சி என்று நினைத்தது. வயலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. முதலாளி கூப்பிட்டுப் பார்த்தார். கூப்பிட்டால் அடி விழும் என்று அவரே பழக்கியிருந்ததால் வரவில்லை. என்னிடம் திரும்பினார்.

"அவனை முன்னால் போய் நிற்கச் சொல். அவனைக் கண்டால் அது நிற்கும். நான் பக்கவாட்டிலிருந்து சுடுவேன்."

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் மொழிபெயர்ப்புகளில் அதுதான் மிகச் சுத்தமானது.

"மாட்டன் எண்டு சொல்லும்."

அதையும் மொழிபெயர்த்தேன். முதலாளி தோளைக் குலுக்கினார். "அப்படியென்றால் ஓடும்போது சுடுகிறேன். ஒரு வெடியில் முடியாமலும் போகலாம்."

அதையும் சொன்னேன். அண்ணை ஓடிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார். "ஓடேக்க சுட்டா எங்க படும்?"

"எங்கயும் படும், அண்ணை."

அவர் போத்தலை எடுத்து, மிச்சமிருந்த முழுவதையும் உள்ளங்கையில் கவிழ்த்தார். இரண்டு கையிலும் தேய்த்தார். காற்று வரும் பக்கமாகப் போய், கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

நாய் திரும்பியது. வந்தது. நின்றது. முன்கால் மேலே, வால் கம்பி, மூக்கு அண்ணையின் கையைப் பார்த்து. முதலாளி ஆறுதலாக நடந்து போய்ப் பக்கத்தில் நின்று குறி பார்க்கும்வரைக்கும் அது இம்மியும் அசையவில்லை. ஒரே வெடி. அண்ணையும் அசையவில்லை.

முதலாளி தொப்பியைக் கழற்றினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "பார்த்தாயா, எவ்வளவு அழகாக நின்றது" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்னவாம் என்று அண்ணையும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டத் தொடங்கியிருந்தார். பெட்டியில் மிச்சமிருந்த காடைகளுக்கு அன்றைக்குப் பின்னேரமே நான் இறகு பிடுங்கினேன். வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள். நடுவர்களும் வந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் லேசாகக் கற்பூர வாசம் அடிக்கிறது என்று முறைப்பட்டார்.

வசந்தத்தில் புதுக் குட்டி ஒன்று வந்தது. அதோடு ஒரு சோடி ரப்பர் கையுறையும் வந்தது. முதலாளி அவற்றை அண்ணையிடம் நீட்டி என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன் அண்ணை "ஓம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். முதல் நாள் வயலிலிருந்து வந்தவரிடம், கை குளிருதோ என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி" என்றார். "உதுக்குள்ள சூடாத்தான் இருக்கு."