பின்வீட்டுக் கொட்டகைக்குப் பேட்டரி வரவில்லை

முருகா, உனக்குக் கோடி நன்றி!

மலேசியாவின் அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலிக் கொட்டகை. பழைய மின்சாரக் கார் பேட்டரிகளை உடைக்க ஒருவர் அதை வாடகைக்குக் கேட்டிருந்தார். அந்தக் கழிவு பக்கத்துக் கால்வாயில் கலந்தால் என் கீரைப் பாத்தி என்னாவது என்று தூக்கமே இல்லை.

இன்று காலை கொட்டகைக்கார மாணிக்கம் அண்ணன் வந்தார்.

“முடியாதுன்னு சொல்லிட்டேன் லா, தங்கச்சி.”

“ஐயோ, நீங்க நல்லா இருக்கணும்ண்ணே!”

“கோயில் அன்னதானத்துக்கு உன் கீரைதானே வருது? நானும்ல திங்கணும்!”

கண் கலங்கிவிட்டது. இரண்டு கட்டுக் கீரையைக் கையில் திணித்தேன்.

வாசலில் தன் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே மகள் கேட்டாள்: “அப்போ என் பேட்டரி செத்தா எங்கம்மா போகும்?”

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யார் வீட்டுக்கும் பின்னால் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.