உச்சி வெயிலில் ஒரு திட்டு

என் சைக்கிள் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவளைத் தெருவில் எல்லோரும் கதவக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோடையில் உச்சிப்பொழுது வந்துவிட்டால் மிஷினை நிறுத்திவிட்டு, தனியாக இருக்கும் வயசானவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். சும்மா இல்லை. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. போன கோடையில் மாடி வீட்டு டீச்சர் பூட்டிய அறைக்குள் வெப்பம் தாங்காமல் செத்துக் கிடந்தது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெருவே தலைகுனிந்து நின்றது. அதற்கப்புறம்தான் புத்தி வந்து, கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம், வாசகசாலையைப் பகலில் எல்லோரும் வந்து உட்காரத் திறந்துவிட்டோம், மரக்கன்று நட்டோம். என் கடை முன்னால் நட்ட கன்றில் ஆடு தின்றது போக நாலு இலை மிச்சம்.

கதவக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. உள்ளே இருப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். வெப்பம் தலைக்கு ஏறினால் முதலில் பேச்சுதான் மாறும் என்று தெருவுக்கு வந்துபோகும் சுகாதார நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். "எரிஞ்சு விழுந்தாங்கன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்பாள் இவள்.

அப்படிப் பார்த்தால் தெருவிலேயே ஆரோக்கியமான ஆள் அவளுடைய அண்ணன்தான். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மூன்றாவது மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் தனிக்கட்டை. தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அன்றோடு அவள் முகத்தில் விழிப்பதை விட்டவர். சுண்ணாம்பு வாளியோடு நாங்கள் போனபோது, "அவ கலக்குன சுண்ணாம்பு என் கூரையில படக்கூடாது!" என்று ஏணியைத் தள்ளிவிட்டார். இப்படியும் ஒரு பிடிவாதமா! இவள் மட்டும் தினமும் அத்தனை படியும் ஏறுவாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இன்னும் சாகலடி, போ!"

சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள்.

அன்றைக்குத் தார் உருகி செருப்பில் ஒட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் பதறிவிட்டேன்.

"எங்கண்ணன் கூப்பிட்டாருங்க! 'வாம்மா தங்கச்சி, சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. தூக்கமா வருதாம், அப்புறம் வரச் சொன்னாரு."

"அடேங்கப்பா, கல்லும் கரைஞ்சிடுச்சு போ!" என்றேன். ரெண்டு முட்டாள்களும் நின்று சந்தோஷப்பட்டோம்.

அவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு சட்டைக் காலர் பாதி தைத்திருப்பாள். மிஷின் நின்றது.

"ஐயோ, அவரு திட்டவே இல்லையே!"

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். கதவை நெம்பித் திறந்தால், மனுஷன் தரையில் கிடக்கிறார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து வாசகசாலையில் போட்டு, ஈரத்துணியால் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. சூடு மூளையைத் தாக்கிவிட்டது, போன நினைவெல்லாம் திரும்பி வராது என்று டாக்டர் சொன்னார்.

இப்போது அந்தத் தகரத்துக்கும் வெள்ளை அடித்தாயிற்று. அக்காவே ஏறி அடித்தாள், தள்ளிவிட யாரும் இல்லை. அறை குளுகுளுவென்று இருக்கிறது. யார் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரே பதில். ஒருநாள் மீசையும் தாடியுமாக நான் போய் நிற்கிறேன், என்னைப் பார்த்தும் "வாம்மா தங்கச்சி, சாப்பிட்டியா?" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

நேற்று அவளோடு நானும் மாடிக்குப் போயிருந்தேன். அவள் தட்டினாள். அதே பதில் வந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஒரே ஒரு வாட்டி திட்டுங்கண்ணே."

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.