செக்ரட்டரிக்கு முதல் தேநீர்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அண்ணையின் கடைக்கு முன்னால் டாக்சி நின்றது. முதலில் இறங்கியவர் சீனாவிலிருந்து வந்த தொழிற்சாலை முதலாளி. இரண்டு கையிலும் பைகள். அவருக்குப் பின்னால் வெறுங்கையோடு இன்னொருவர் இறங்கினார். கடைசியாக முதலாளியின் மகள்.

அண்ணை எனக்கு உறவில்லை, ஒரே தெருவில் இருப்பவர். இடியப்ப உரலும் இட்லிச் சட்டியும் சீனாவில் செய்வித்து லண்டன் தமிழ்க் கடைகளுக்கு விற்கிறார். அவற்றைச் செய்து அனுப்பும் முதலாளி, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் கிடங்கு எடுத்து அண்ணையோடு பங்குக் கம்பனி தொடங்க வந்திருந்தார். அது சரிவந்தால் அவர் இங்கேயே தங்கலாம். லண்டனில் படிக்கும் மகள் தொலைபேசியில் அண்ணையிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். அன்று மொழிபெயர்க்க வந்தவளும் அவள்தான். ஒப்பந்தத்தின் ஆங்கிலத்தை வாசித்துப் பார்க்க அண்ணை என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வெறுங்கையோடு வந்தவரை மகள் செக்ரட்டரி என்று அறிமுகப்படுத்தினாள். அண்ணை அவருக்குக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார். தேநீர் வந்தது. முதல் கோப்பையை முதலாளிக்கு நீட்டினார். முதலாளி அதை வாங்கி, எழுந்து போய், இரண்டு கையாலும் செக்ரட்டரியிடம் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"பாத்தீரே தம்பி," என்றார் அண்ணை என்னிடம். "கிளாக்கருக்கு முதலாளி தேத்தண்ணி குடுக்கிறார். உண்மையான கம்யூனிசம் இதுதான்."

நான் சிரித்துவிட்டேன். மகளுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு விளங்கியது. அலுவலகச் செக்ரட்டரி இல்லை என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். தொழிற்சாலைக்குள் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரு கிளை இருக்கிறது, இவர் அதன் செயலாளர். சம்பளம் கொடுப்பது அப்பா. பெரிய முடிவு என்றால் இவரைக் கேட்டுத்தான் எடுப்பார்.

"அப்ப கொம்பனி ஆற்றை எண்டு கேளும்," என்றார் அண்ணை.

கம்பனி யாருடையது என்று கேட்டேன். "அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது," என்றாள்.

"பேரைக் கேக்கேல்லை," என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, அண்ணை எழுந்து தன் கதிரையைச் செயலாளருக்குக் கொடுத்தார்.

ஒப்பந்தத்தை அவர் முன்னால் வைத்தோம். அவர் அதைத் திறக்கவில்லை. சிரித்தபடி இரண்டு வசனம் பேசினார். நல்ல திட்டம், ஊருக்குப் போய் ஆலோசிக்கலாம் என்று மகள் மொழிபெயர்த்தாள். அவள் சொல்லி முடிக்குமுன்பே முதலாளி தலையாட்டினார். வெளியே எடுத்திருந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். மகள் தங்கள் மொழியில் தகப்பனிடம் ஏதோ கேட்டாள். அவர் மேசையில் கிடந்த உரலை எடுத்து, அச்சின் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்சி போன பிறகு கேட்டேன்.

"திரும்பி வருவாரோ அண்ணை?"

"வர விடாங்கள். நானும் ஊரிலை கடை வைச்சிருந்தனான். ஆரோ ஓம் எண்டால்தான் கதவு திறக்கலாம். அவங்கள் ஏலாது எண்டு சத்தம் போட்டாலும் பேசிப் பாக்கலாம் தம்பி. சிரிச்சுக்கொண்டு ஆலோசிப்பம் எண்டால் முடிஞ்சுது."

உரல்கள் வழமைபோல் வந்துகொண்டிருந்தன, தரம் குறையவில்லை. கோடையில் மகள் படிப்பை முடித்தாள். பட்டமளிப்புக்குத் தகப்பன் வரவில்லை. செப்டம்பரில் குட்மேய்ஸ் கிடங்கை ஒரு மெத்தை வியாபாரி வாடகைக்கு எடுத்தார்.