கட்டில்மேல் அடுப்பு

பிள்ளைகளைக் கட்டுரை எழுதவைப்பது எப்படி என்று இளம் தமிழாசிரியர்களிடம் பேச வரும்படி, ஆவடியில் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து போன மாதம் அழைத்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே போய் நின்று எதைச் சொல்வது?

என்னிடம் ஒரு முறை இருந்தது. அதற்காகவே பெயர் வாங்கினேன். கட்டுரை ஏடுகளைத் திருத்தி முடித்ததும், இருப்பதில் மோசமானதை எடுத்து, எழுதியவன் குரலிலேயே வகுப்பில் படித்துக் காட்டுவேன். வகுப்பு குலுங்கிச் சிரிக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார். வெட்கப்பட்டால் திருந்துவான் என்று நம்பினேன். நம்பினேன் என்பதும் முழு உண்மை இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

நான் காவிரிக்கரையிலிருந்து பிழைக்க வந்தவன். வகுப்பில் பாதி, பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்புப் பிள்ளைகள். நெல்லை, மதுரை என்று வந்த குடும்பங்கள். மீதி உள்ளூர். உள்ளூர்ப் பேச்சு எனக்கு இளப்பம். அதனால் என் கையில் அகப்பட்டது பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளின் ஏடுதான்.

ஒருமுறை ‘மழைக்காலம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லோரும் மாதம் மும்மாரி பொழிந்த நாட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கோவில்பதாகையிலிருந்து வந்துகொண்டிருந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் மட்டும் இப்படித் தொடங்கியிருந்தான்: “மழ பேஞ்சா தண்ணி எங்க ஊட்டுக்குள்ள வந்துரும். அம்மா அடுப்ப தூக்கி கட்டில் மேல வச்சிரும். நாங்க பக்கத்துல கால தூக்கிகினு உக்காந்துகினு சோறு வேவறத பாத்துகினு இருப்போம்.”

நான் மேசைமேல் ஏறி, கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, அதைப் படித்தேன். பிறகு அவனைப் பார்த்து, “ஏண்டா, கட்டில்ல அடுப்பு வச்சா, அடுப்படியிலயா போய்ப் படுப்பீங்க?” என்று கேட்டேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு ‘அடுப்பு’ என்றே பெயர்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பின் கட்டுரைகளில் பிழையே இல்லாமல் போயிற்று. எல்லா ஏட்டிலும் உரைநூலிலிருந்து எடுத்த ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. தலைமையாசிரியரிடம் பெருமையோடு காட்டினேன். யாரும் தன் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் படித்துக் காட்ட ஒன்றும் கிடைத்துவிடக் கூடாது என்று பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொண்டார்கள். அதை நான் கற்பித்தல் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, இந்த வருடம் அந்த வகுப்புப் பிள்ளைகள் மண்ணூர்பேட்டையில் ஒரு சிறிய மண்டபத்தில் கூடினார்கள். என்னையும் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் எனக்கு ஒரு வரி எழுதித் தருவதென்று பெரிய அட்டை ஒன்று கைமாறி வந்தது. அடுப்பு அதை வாங்கி, எழுதாமல் அடுத்தவனிடம் நீட்டினான். இப்போது அவன் மின்வேலை ஒப்பந்தக்காரன், காதோரம் நரை.

“மாமே, நீ எழுதலியா?”

“நீ எழுது மச்சான். நான் அப்பறமா சார்கிட்ட வாயால சொல்லிக்கறேன்.”

“வாட்ஸ்அப் குரூப்லயும் இவன் வாய்ஸ் மட்டுந்தாண்டா போடுவான். இன்னா அடுப்பு, சார் படிச்சிக் காட்டிருவாருன்னு பயந்துகினியா?”

மண்டபமே சிரித்தது. ஒருவன் நாற்காலிமேல் ஏறி, கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டு, என் குரலில் அந்த மூன்று வரிகளையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். நான் சொல்லிக்கொடுத்த ஒரு கட்டுரைகூட அவர்களில் யாருக்கும் நினைவில் இருந்திருக்காது. அடுப்பு தலையைக் குனிந்து சிரித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே அவன் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது தனியாகப் போய் நின்றேன்.

“அட்டையில ஒரு வரி எழுதேன்ப்பா. எனக்காக.”

“வாணாம் சார். பையனுக்கு லீவு லெட்டர்கூட ஊட்ல அவங்கதான் எழுதறாங்க. நான் கையெழுத்து மட்டும் போடுவேன். தப்பா எட்த்துக்காதீங்க.”

அவன் அம்மா, வீட்டுக்குள் வந்த தண்ணீர், கட்டிலில் கொதித்த சோறு எல்லாம் அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு வீடாகத் தெரிந்தன. அன்று வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மண்டப வாசலில் கேட்டேன்.

“அப்புறம் என்னப்பா ஆச்சு, அன்னிக்கு மழையில?”

அவன் வண்டியின் பின் சீட்டைக் கையால் துடைத்தான்.

“அது அடுத்த பக்கத்துல இருந்துச்சு சார். நீங்க திருப்பல.”

“இப்ப சொல்லேன்.”

“இப்ப இன்னாத்துக்கு சார், உடுங்க. ஏறுங்க, பஸ் ஸ்டாப்ல உட்டுடறேன்.”

ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுப் பக்கம் போகும் ஐயப்பன்தாங்கல் பேருந்தில் எனக்கு இடம் கிடைக்கும்வரை நின்றுவிட்டுப் போனான்.

அவன் சொன்னது சரி. முதல் பக்கத்திலேயே எனக்கு வேண்டிய சிரிப்பு கிடைத்துவிட்டது. இரண்டாம் பக்கத்தின் குறுக்கே படிக்காமல் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருப்பேன். பள்ளிக்குப் போயிருந்தால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்: பிள்ளை எழுதியதைக் கடைசிவரை படியுங்கள், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள், பிழைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேறு முறை ஒன்றும் எனக்குத் தெரியாது. இதையும் நான் ஒரு நாளும் செய்ததில்லை.

எல்லோர் முன்னும் செய்ததற்கு எல்லோர் முன்னும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்களுடைய குரூப்பில் போட ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறேன். நாலைந்து முறை திருத்தியும் ஆயிற்று. இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் அவர்களில் ஒருவன் அதை என் குரலில் படித்துக் காட்டுவான் என்று பயமாக இருக்கிறது.